ஒன்பதாம் வாய்ப்பாடும் பிப்ரவரி மாதமும்

முதல் நாள் – 2025 பிப்ரவரி 5, புதன், மான்செஸ்டர்

வந்து இறங்கி ஆறு நாளாச்சு. அண்ணன் மகள் வீட்டில் தங்கியிருக்கிறேன். வெளியே 4 டிகிரி. "எங்க ஊரு கிளைமேட்டு வருமாங்க" என்று கோயமுத்தூர்க்காரர்கள் நாம் பீற்றிக்கொள்வதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். இங்கே அது வெயில் காலம்.

கிளம்பும்போது ஊரில் பணம் மாற்றியதில் எல்லாம் 50 பவுண்டு நோட்டாகவே வந்து சேர்ந்தது. காலையில் தெருமுனைக் கடையில் பால் வாங்கப் போய் அதில் ஒன்றை நீட்டினேன். கடைக்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், தடவிப் பார்த்தார், "ஐம்பது எடுக்கறதில்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இங்கே நிறைய சின்னக் கடைகளில் இப்படித்தானாம். வீட்டுக்கு வந்து அண்ணன் மகளிடம் புலம்பினேன். சிரித்துவிட்டு, "நோட்டுல யாரு இருக்காங்கன்னு பாத்தீங்களா அத்தை? வாங்க, ஆளையே காட்டறேன்" என்று பஸ் ஏற்றிவிட்டாள்.

சாக்வில் தோட்டம் என்பது ஊருக்கு நடுவே ஒரு சிறிய பூங்கா. ஒரு பக்கம் பல்கலைக்கழகக் கட்டடங்கள், மறுபக்கம் கால்வாயோரம் கனால் தெரு. தன்பாலீர்ப்பாளர்கள் பல பத்தாண்டுகளாகக் கூடும் தெரு அது. பூங்கா பெஞ்சில் கோட்டு போட்ட ஒரு வெண்கல மனிதர், கையில் ஆப்பிளோடு உட்கார்ந்திருக்கிறார். ஆலன் ட்யூரிங். 2001 ஜூன் 23 அன்று, அவருடைய பிறந்த நாளில் திறந்திருக்கிறார்கள். அதே ஜூன் 23-ல்தான் 2021-இல் அவர் முகம் போட்ட நோட்டும் வெளிவந்தது. நோட்டில் அவர் பிறந்த தேதியை 0, 1 என்று இரும எண்ணில் அச்சிட்டிருக்கிறார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். 23061912. விடை சரி. 31 வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு வேறென்ன பொழுதுபோக்கு.

கணினியின் கணிதத்தை எழுதியவர், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் சங்கேதத்தை உடைத்தவர்களில் முதன்மையானவர் என்பதெல்லாம் பலருக்கும் தெரிந்தது. 1952-இல் தன் வீட்டில் திருடு போய்விட்டது என்று போலீஸுக்குப் போனார். விசாரணையில் அவர் ஓர் ஆணோடு உறவில் இருப்பது வெளியே வந்தது. திருட்டை விட்டுவிட்டு அவரைக் குற்றவாளியாக்கினார்கள். ஜெயிலா, பாலுணர்வை அடக்கும் ஹார்மோன் ஊசியா என்று தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஊசியை ஒத்துக்கொண்டார். 1954 ஜூனில் சயனைடால் இறந்தபோது வயது 41. படுக்கையருகே பாதி கடித்த ஆப்பிள் ஒன்று கிடந்தது. சிலையின் கையிலிருப்பது அதுதான். அரசு 2009-இல் மன்னிப்புக் கேட்டது. 2013-இல் அரசி அவருக்கு அரச மன்னிப்பு வழங்கினார். 2021-இல் பணத்தில் அச்சடித்தார்கள். அந்தப் பணத்தை இன்று காலை ஒரு கடையில் வாங்கவில்லை.

பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. பணி ஓய்வுக்குப் பிறகுதான் எங்கோ படித்தேன். இவருடைய அம்மா ஈத்தெல் சாரா ஸ்டோனி, 1881-இல் பிறந்தது எங்கள் போத்தனூரில். தாத்தா மெட்ராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளர். அப்பா மெட்ராஸ் மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. போத்தனூரிலிருந்து தினமும் பஸ் ஏறிப் பள்ளிக்குப் போனவள் நான். போத்தனூர்ப் பெண்ணின் மகன் என்று சொல்லி ஒரு பாடத்தை ஆரம்பித்திருந்தால் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்.

அம்மா ஊர்ப் பாசத்தில் அவர் தோளைத் தட்டிவிட்டு எழுந்தேன். வெண்கலம் ஜில்லென்று இருந்தது.

இரண்டாம் நாள் – பிப்ரவரி 6, வியாழன்

பிப்ரவரி இங்கே பால்புதுமையர், அதாவது தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்டோரின் வரலாற்று மாதம். அமெரிக்காவில் அக்டோபர், அங்கே 1994-இல் தொடங்கியவர் ரோட்னி வில்சன் என்ற மிசௌரி மாநிலப் பள்ளி வரலாற்று ஆசிரியர். இங்கே சூ சாண்டர்ஸ், பால் பேட்ரிக் என்ற இருவர், 'ஸ்கூல்ஸ் அவுட்' என்ற அமைப்பின் வழியாக, 2005 பிப்ரவரியில் தொடங்கினார்கள். அந்த அமைப்பும் 1974-இல் ஆசிரியர்கள் சேர்ந்து உருவாக்கியதுதான். ஆக இரண்டு நாட்டிலும் இது எங்கள் சாதிசனம் கிளப்பிய வேலை. இந்த வருஷம் இங்கே இருபது ஆண்டு நிறைவு.

பேத்திக்கு வயது 13. அவள் பள்ளியில் மாணவர்கள் செய்த கண்காட்சியைப் பெற்றோர் பார்க்க மாலை ஆறு மணிக்கு அழைத்திருந்தார்கள். வீட்டில் காலையிலேயே இதைப் பற்றி லேசாகப் புகைந்தது. "இதெல்லாம் வீட்டுல பேசிக்க வேண்டிய விஷயம். ஸ்கூல்ல எதுக்கு?" என்றார் மாப்பிள்ளை. தோசையைத் திருப்பிக்கொண்டே, "வீட்டுல எப்பங்க பேசினோம்?" என்றாள் அண்ணன் மகள். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் மாலையில் வண்டியை எடுத்தது அவர்தான். இந்த ஊர் அப்பா அம்மாக்களை நான் கேலி செய்ய மாட்டேன். 2019-இல் பர்மிங்காமில் ஒரு தொடக்கப் பள்ளி வாசலில் இந்தப் பாடங்களை எதிர்த்துப் பெற்றோர் வாரக்கணக்கில் கோஷம் போட்டார்கள். அவர்களில் நம் பக்கத்து நாட்டுப் பூர்வீகம் உள்ளவர்கள் நிறைய. அந்தப் பயம் எனக்கும் தெரிந்த பயம்தான்.

வாசலில் கம்ப்யூட்டரில் பெயர் பதிந்து, சட்டையில் ஒட்டிக்கொள்ள ஒரு சீட்டு கொடுத்தார்கள். நடைபாதை முழுக்கச் சார்ட் பேப்பர். உலகத்தில் எந்தப் பள்ளிக்குப் போனாலும் சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனா வாசமும் ஒன்றுதான். ட்யூரிங் மட்டும் ஏழெட்டு இருந்தார். பேத்தி எழுதியிருந்தது ஆன் லிஸ்டர் என்ற பெண்ணைப் பற்றி. "சனிக்கிழமை அவங்க ஊருக்குப் போலாம் பாட்டி" என்று அங்கேயே தேதி குறித்துவிட்டாள்.

பிறகு ஹாலில் ஒரு வரலாற்று ஆசிரியை பேசினார். ஓய்வு பெறும் வயது. 1988-இல் பிரிவு 28 என்ற சட்டம் வந்த மறுவருஷம் வேலைக்குச் சேர்ந்தவராம். உள்ளாட்சி மன்றங்கள் தன்பாலீர்ப்பை 'ஊக்குவிக்க'க் கூடாது, அது ஏற்கத்தக்க குடும்ப உறவு என்று பள்ளியில் கற்பிப்பதை ஊக்குவிக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். அத்தகைய குடும்பத்துக்கு அதில் இட்டிருந்த பெயர் 'பாசாங்குக் குடும்ப உறவு'. ஸ்காட்லாந்தில் 2000 வரை, இங்கே 2003 வரை இருந்தது. அதன் கீழ் தண்டிக்கப்பட்ட ஆசிரியர் ஒருவர்கூடக் கிடையாது. "யாரும் எங்களைக் கைது செய்யவில்லை. நாங்களே வாயை மூடிக்கொண்டோம். வார விடுமுறையில் என்ன செய்தீர்கள் மிஸ் என்று ஒரு பிள்ளை கேட்டால், பதினான்கு வருஷம் 'நான்' என்றே சொன்னேன். 'நாங்கள்' என்று சொன்னதில்லை" என்றார். சட்டம் கட்டிப்போட்டது நகராட்சியை. கிண்டல் செய்யப்பட்ட பிள்ளைக்கு ஆதரவாக ஒரு வார்த்தை பேசினால்கூட வம்பு வருமோ என்று பயந்தது வகுப்பறை.

மற்றவர்கள் கை தட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. இங்கே இவர்களை அடக்க ஒரு சட்டம் தேவைப்பட்டது. எங்கள் ஆசிரியர் அறைக்கு அப்படி எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை.

தொண்ணூறுகளில் என் எட்டாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். நடையும் கையசைப்பும் கொஞ்சம் மென்மை. கரும்பலகையில் 9 என்ற எண்ணை எழுதினால் போதும், பின்வரிசை முழுக்கக் குபீரென்று சிரிக்கும். எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்பும். ஏன் என்று தமிழ்நாட்டில் படித்த யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. நான் என்ன செய்தேன்? திட்டவில்லை, விசாரிக்கவில்லை. கணக்குகளில் 9 வராமல் பார்த்துக்கொண்டேன். 18-க்குப் பதில் 16, 27-க்குப் பதில் 28. அந்த வருஷம் முழுக்க அப்படித்தான். அதைப் பெரிய கருணை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பத்தாம் வகுப்போடு அவன் நின்றுவிட்டான். எங்கே போனான் என்று நான் யாரையும் கேட்கவில்லை.

வண்டியில் திரும்பும்போது பேத்தி கேட்டாள்: "பாட்டி, இதையெல்லாம் தமிழ்ல எப்படிச் சொல்வீங்க?" எங்கள் பள்ளியில் புழங்கிய சொல் ஒன்றையும் அவளிடம் சொல்ல முடியாது. நல்ல வேளையாக இப்போது வேறு சொற்கள் இருக்கின்றன. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இந்த விஷயம் சரியாகத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டபின் தீர்ப்பெழுதினார். பள்ளிகளிலும் இது பேசப்பட வேண்டும் என்றார். அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் தமிழ்நாடு அரசு 2022-இல் மரியாதையான சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. திருநங்கை, திருநம்பி, தன்பாலீர்ப்பு, பால்புதுமையர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். "திருநம்பி சூப்பரா இருக்கு" என்றாள்.

இன்னொன்றும் சொன்னேன். பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புகிறவரை ஆண்பாலாகவும், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புகிறவரைப் பெண்பாலாகவும் சொல்ல வேண்டும் என்று நன்னூலிலேயே சூத்திரம் இருக்கிறது. இங்கே 'அவன் என்பதா, அவள் என்பதா' என்று பத்திரிகைகளில் அடித்துக்கொள்கிறார்களே, பவணந்தியார் எண்ணூறு வருஷம் முன்பே இரண்டு வரியில் சொல்லிவிட்டார். எங்கள் பள்ளித் தமிழய்யா அந்தச் சூத்திரத்தை வருஷா வருஷம் நடத்தினார். நடத்தும்போது அவரும் சிரிப்பார்.

மூன்றாம் நாள் – பிப்ரவரி 7, வெள்ளி

விடியற்காலையிலிருந்து மழை. மழை என்றால் நம் ஊர்போல அடித்துவிட்டு ஓயாது. முணுமுணுத்துக்கொண்டே இருக்கும், மாமியார் மாதிரி. மத்திய நூலகம் வரை போய்விட்டு வந்தேன். வட்டக் கட்டடம், 1934-இல் திறந்தது. அதற்குப் பக்கத்தில்தான் ஆல்பர்ட் சதுக்கம். 1988 பிப்ரவரி 20 அன்று பிரிவு 28-ஐ எதிர்த்து இருபதாயிரம் பேர் இந்த ஊரில் கூடினார்கள். நகர மண்டபத்தில் வருஷக்கணக்காக மராமத்து நடப்பதால் சுற்றிலும் அடைப்புப் பலகை. சந்தில் எட்டிப் பார்த்துவிட்டு, மூக்கு ஒழுக வீடு திரும்பி ரசம் வைத்துக் குடித்தேன்.

நான்காம் நாள் – பிப்ரவரி 8, சனி, ஹாலிஃபாக்ஸ்

விக்டோரியா ஸ்டேஷனில் ரயில். கரி படிந்த கல் வீடுகள், மில் புகைபோக்கிகள், சரிவில் ஆடுகள். மில் வேலையில் இருந்த அப்பாவுக்கு மகளான எனக்கு இந்தப் புகைபோக்கிகள் வேற்றூர் மாதிரியே தோன்றவில்லை.

ஹாலிஃபாக்ஸில் இறங்கியதும் 'பீஸ் ஹால்'. 1779-இல் கட்டியது. சுற்றுவட்டார நெசவாளர்கள் தறியில் நெய்த துணியைப் 'பீஸ்' கணக்கில் கொண்டுவந்து விற்க 315 அறைகள், நடுவே மைதானம். நம் ஈரோடு ஜவுளிச் சந்தையைக் கல்லில் கட்டி, கூச்சலை எடுத்துவிட்டால் இதுதான். மைதானத்தின் பக்கமாக ஆன் லிஸ்டரின் சிலை. டயான் லாரன்சன் செய்தது, 2021-இல் வைத்தது.

1791-இல் பிறந்தவர். ஷிப்டன் ஹால் என்ற பண்ணை வீட்டின் வாரிசு. எப்போதும் கறுப்பு உடை. பெண்களையே காதலித்தார், அதை ஒளித்து வைக்கவும் இல்லை, தண்டோராவும் போடவில்லை. 1834 ஈஸ்டர் அன்று யார்க்கில் ஒரு தேவாலயத்தில் ஆன் வாக்கர் என்ற பெண்ணோடு சேர்ந்து நற்கருணை வாங்கிக்கொண்டு, அதையே தங்கள் திருமணமாக எடுத்துக்கொண்டார். அந்தத் தேவாலயத்தில் இப்போது வானவில் விளிம்போடு ஒரு பலகை இருக்கிறது.

எனக்கு முக்கியமாகப் பட்டது அவருடைய நாட்குறிப்பு. மொத்தம் சுமார் 50 லட்சம் சொற்கள். (நான்கு நாள் எழுதுவதற்குள் எனக்கு விரல் வலிக்கிறது.) அதில் ஆறில் ஒரு பங்கு சங்கேத எழுத்தில். கிரேக்க எழுத்துகளையும் கணிதக் குறிகளையும் கலந்து அவரே உண்டாக்கியது. காதல், உடல்நலம், பணக் கவலை எல்லாம் அந்தப் பகுதியில். அவர் செத்து ஐம்பது வருஷம் கழித்து, வீட்டின் கடைசி வாரிசு ஜான் லிஸ்டரும் அவர் நண்பர் ஆர்தர் பரெலும் சேர்ந்து அந்தச் சங்கேதத்தை உடைத்தார்கள். படித்துவிட்டு, "எரித்துவிடு" என்றார் பரெல். அவர் பிராட்ஃபோர்டில் பள்ளி ஆசிரியர். இதைப் பேத்தி சொன்னபோது, "வாத்தியார்னு எழுதியிருந்தியா சார்ட்ல?" என்று கேட்டேன். எழுதியிருக்கிறாள்.

ஜான் லிஸ்டர் எரிக்கவில்லை. சுவரின் மரப்பலகைக்குப் பின்னால் வைத்து மூடிவிட்டார். அவர் 1933-இல் இறந்தபின் அது வெளியே வந்தது. ஆனாலும் ஊருக்குத் தெரிய இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. ஹெலினா விட்பிரெட் என்ற ஹாலிஃபாக்ஸ் பெண்மணி 1983-இலிருந்து உட்கார்ந்து எழுத்தெழுத்தாகப் பெயர்த்து 1988-இல் புத்தகமாக்கினார். ஆமாம், பிரிவு 28 வந்த அதே 1988. நகராட்சிகள் பேசவே நடுங்கிய வருஷத்தில் அந்தக் குறிப்பு, அதே நகராட்சி ஆவணக் காப்பகத்திலிருந்து எழுந்து வந்திருக்கிறது.

ஆன் லிஸ்டரைத் தெய்வமாக்கிவிடவும் வேண்டியதில்லை. நிலக்கரிச் சுரங்கம் வைத்திருந்தவர். தன் குடியானவர்கள் தன் கட்சிக்கே ஓட்டுப் போடும்படி நெருக்கியவர். எங்கள் பக்கத்துப் பண்ணையார்களைக் கண்டவர்களுக்கு ஆள் பழக்கமானவர்தான். பேத்தியின் சார்ட்டில் இதுவும் ஒரு மூலையில் இருந்தது. அந்த மூலைக்காகவே அவளுக்கு நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன்.

ரயிலில் திரும்பும்போது நாமும் ஒரு சங்கேதம் செய்வோம் என்றாள். எண்களை வைத்துச் செய்தோம். நடுவில், தப்பு வந்தால் கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்டாள். வாய் வரை வந்து நின்றது. பிறகு சொன்னேன். ஒன்பதை எதனால் பெருக்கினாலும் இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் ஒன்பதே வரும். 18, ஒன்றும் எட்டும் ஒன்பது. 27, இரண்டும் ஏழும் ஒன்பது. பெரிய பெருக்கலைக்கூட ஒன்பதுகளைத் தள்ளிவிட்டுச் சரிபார்க்கலாம். கணக்கு வகுப்பில் பிள்ளைகள் வாயைப் பிளக்கும் இடமே இதுதான். அவளும் பிளந்தாள். டாட்மோர்டன் தாண்டும் வரை விடாமல் பெருக்கிப் பார்த்துக்கொண்டு வந்தாள். "செம பாட்டி. இதை எல்லா கிளாஸ்லயும் சொல்லுவீங்களா?"

ஒரு வருஷம் சொல்லவில்லை என்றேன். ஏன் என்றாள். ஹெப்டன் பிரிட்ஜில் ஏறியிருந்த கூட்டம் அப்போதுதான் கொஞ்சம் அடங்கியிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். "அந்த அண்ணா பேரு ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். இருக்கிறது. வருகைப் பதிவேட்டில் அவன் எண்கூட ஞாபகம் இருக்கிறது.

ஏழாம் நாள் – பிப்ரவரி 11, செவ்வாய், லண்டன்

நேற்று முழுக்க ரயிலும், லக்கேஜும், தூரத்துச் சொந்தக்காரர் வீட்டுச் சாப்பாடும். எழுத ஒன்றுமில்லை.

இன்று காலை பிஷப்ஸ்கேட் நிறுவனம். லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் 1895-இல் திறந்த பொது நூலகம். பால்புதுமையர் வரலாற்றுக்கு இந்த நாட்டின் பெரிய சேகரங்களில் ஒன்று இங்கே இருக்கிறது. லட்சக்கணக்கான செய்தித்தாள் துண்டுகளை வெட்டி, ஒட்டி, தேதி போட்டுச் சேர்த்திருக்கிறார்கள், பெரும்பாலும் சம்பளமில்லாத தொண்டர்கள். எண்பதுகளின் எய்ட்ஸ் காலக் கோப்பு ஒன்றைப் புரட்டினேன். தலைப்புகளின் விஷம் நாற்பது வருஷமாகியும் காயவில்லை. தங்களைத் திட்டி எழுதியதையே பொறுமையாக வெட்டி ஒட்டியிருக்கிறார்களே என்று அதிசயமாக இருந்தது. 'ஸ்விட்ச்போர்டு' என்ற உதவித் தொலைபேசியின் பதிவேடுகளும் இங்கேதான் இருக்கின்றன. 1974 மார்ச் 4-இல் கிங்ஸ் கிராஸில் ஒரு புத்தகக் கடையின் மாடியில் தொடங்கியது அது. யார் பேசினார்கள், என்ன கேட்டார்கள் என்று தொண்டர்கள் அடுத்த ஷிப்டுக்காக எழுதி வைத்த நோட்டுகள். வரலாறு ஆகும் என்று நினைத்து யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

மத்தியானம் ப்ளூம்ஸ்பரியில் மார்ச்மான்ட் தெரு. 'கேஸ் தி வேர்ட்' என்ற பால்புதுமையர் புத்தகக் கடை 1979-இலிருந்து இங்கே இருக்கிறது. 1984 ஏப்ரலில் சுங்கத் துறை புகுந்து ஆயிரக்கணக்கில் புத்தகங்களை அள்ளிக்கொண்டு போனது. இரண்டு வருஷம் கழித்து வழக்கைக் கைவிட்டது. அதே 1984-இல் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம். மார்க் ஆஷ்டன் என்ற தன்பாலீர்ப்பு இளைஞரும் நண்பர்களும் இந்த வாசலில் வாளி ஏந்திச் சுரங்கத் தொழிலாளர்களுக்காக வசூல் செய்தார்கள். தெற்கு வேல்ஸில் டுலைஸ் பள்ளத்தாக்குக் குடும்பங்களுக்கு அந்தப் பணம் போயிற்று. வேலைநிறுத்தம் தோற்றது. ஆனால் 1985 ஜூனில் லண்டன் பால்புதுமையர் பேரணிக்கு அந்தச் சுரங்கத்துக்காரர்கள் தொழிற்சங்கப் பதாகையோடு வந்து முன்வரிசையில் நடந்தார்கள்.

என் அப்பா மில் வேலைநிறுத்தத்தின்போது சிங்காநல்லூர் பஸ் ஸ்டாப்பில் உண்டி குலுக்கியதை நான் பார்த்திருக்கிறேன். யார் போடுகிறார்கள் என்று அவர் முகத்தைப் பார்க்கமாட்டார். காசு விழும் சத்தத்தைத்தான் கேட்பார்.

மார்க் ஆஷ்டன் எய்ட்ஸால் இறந்தது 1987 பிப்ரவரி 11. வயது 26. அவர் பெயர் போட்ட நீல வட்டப் பலகை கடை மாடிச் சுவரில் இருக்கிறது. தேதி பார்த்துத்தான் இன்று வந்தேன். கூட்டமோ மாலையோ எதுவும் இல்லை. சாரலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், நான் பக்கத்தில் வந்ததும் குடையைக் கொஞ்சம் என் பக்கம் சாய்த்தார்.

உள்ளே போய்ப் பேத்திக்கு ஆன் லிஸ்டரைப் பற்றி ஒரு மெல்லிய புத்தகம் எடுத்தேன். கல்லாவில் இருந்த பையன் காதில் வளையம், நகத்தில் பச்சைச் சாயம். புத்தகத்தைத் திருப்பி விலையைப் பார்த்துச் சொன்னான்:

"நைன் நைன்ட்டி நைன்."

தூக்கிவாரிப் போட்டது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. பர்ஸிலிருந்து ட்யூரிங்கை எடுத்து நீட்டினேன். வாங்கிக்கொண்டான். மீதி 40 பவுண்டு 1 பென்னி.